ராத்தா சொல்லாமல் விட்ட பாதி

எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுந்தெருவில், யாருடைய உடம்பில் கத்தி வைப்பதென்றாலும் முதலில் ராத்தாவுக்குச் சொல்லியாக வேண்டும். அப்படி யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை, ஆனாலும் அப்படித்தான் நடந்து வந்தது. காலையில் போய், வெட்டித் தைத்துக்கொண்டு, பின்னேரமே வீட்டுக்கு வந்துவிடுகிற ஒப்பரேஷன்கள் இப்போது அதிகம். வாட்டில் இருக்கிற கட்டில் காணாது, ஆளும் காணாது, அதனால் முடிந்தவரை அன்றைக்கே அனுப்பிவிடுகிறார்கள். அதற்கு ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு நிபந்தனை, கூட ஓர் ஆள் வர வேண்டும். அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளவும், மயக்கம் தெளிந்தவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போகவும், ராத்திரிக்கு ஏதாவது என்றால் பார்த்துக்கொள்ளவும். ஆள் இல்லாவிட்டால் தியேட்டருக்கே எடுக்க மாட்டார்கள். எங்கள் ஒழுங்கைக்கு அந்த ஆள் ராத்தா.

அக்கா என்று நாங்கள் கூப்பிடுவதை முஸ்லிம் வீடுகளில் ராத்தா என்பார்கள். முதலில் தன் வீட்டாருக்கு ராத்தாவாக இருந்தவர், பிறகு மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களுக்கும், முன்வீட்டுச் சிங்கள நோனாவுக்கும்கூட ராத்தா ஆகிவிட்டார். அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. போன வருஷம் நோன்புக்குக் கொஞ்சம் முன்னால் மௌத்தானார். ராத்திரி படுத்தவர் காலையில் எழும்பவில்லை. அவருக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போகிற வேலையை அவர் யாருக்கும் வைக்கவில்லை.

நான் யாழ்ப்பாணத்துப் பக்கம். கலியாணம் முடித்து, கணவருடைய உத்தியோகத்தோடு மாத்தளைக்கு வந்தவள். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறேன். இத்தனை வருஷம் இருந்தும் என்னுடைய சிங்களம் சந்தையோடு நின்றுவிட்டது. தேங்காய் என்ன விலை, கொஞ்சம் குறைக்க முடியாதா, பஸ் எத்தனை மணிக்கு. அதைத் தாண்டினால் வாய் ஒட்டிக்கொள்ளும். இங்கிலீசும் அரைகுறைதான். வகுப்பில் நாள் முழுக்கக் கத்தித் தொண்டை கட்டுகிற நான், கிளினிக்கில் டொக்டருக்கு முன்னால் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி இருப்பேன்.

இந்த ஊர்த் தமிழ்ச் சனம் முக்கால்வாசி நன்றாகச் சிங்களம் பேசும். ஆனால் பெரிய டொக்டருக்கு முன்னால் போனால் அவர்களுக்கும் என் கதிதான் என்பதை ராத்தாவோடு போய்வந்துதான் கண்டுகொண்டேன். பாஷை தெரிந்தவர்களும் அங்கே வாய் திறப்பதில்லை. கேட்டால் டொக்டருக்குக் கோபம் வரும் என்று ஒரு பயம், வெளியே இன்னும் எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள் என்று ஒரு கூச்சம். விடியற்காலையில் வந்து இலக்கம் எடுத்து, வாங்குப் பலகையில் நகர்ந்து நகர்ந்து, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும்போது ஒருவருக்கும் கேள்வி கேட்கிற தெம்பு மிச்சமிருப்பதில்லை. எப்படியாவது முடிந்து வீட்டுக்குப் போனால் போதும் என்றிருக்கும்.

ராத்தாவுக்குப் பயமும் இல்லை, கூச்சமும் இல்லை. நாவுல என்கிற ஊரில் சிங்களப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். அவருடைய வாப்பாவுக்கு அங்கே மரக்கறி வியாபாரம். ராத்தா சிங்களம் பேசத் தொடங்கினால் முன்வீட்டு நோனாவே வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தாதிமாரை இங்கே எல்லோரும் மிஸ் என்பார்கள். அந்த மிஸ்மாரில் பாதிப்பேருடைய பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்பதுகூட ராத்தாவுக்குத் தெரியும். கையில் ஒரு கறுப்புத் துணிப்பை. அதற்குள் சுடுதண்ணீர்ப் பிளாஸ்க், பழைய பெட்ஷீட் ஒன்று, வாந்தி வந்தால் பிடிக்கப் பொலித்தீன் பைகள், தோடம்பழம், தஸ்பீஹ் மணி. நோயாளிக்கு நீங்கள் என்ன முறை என்று மிஸ் கேட்டால், அம்மா என்பார். பொட்டு வைத்த எனக்கும், முக்காடு போட்ட அவருக்கும் என்ன ஒற்றுமை என்று அங்கே யாரும் கவலைப்பட்டதில்லை. அவர்களுக்கும் சொல்வதை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் கிடைத்தால் சரி. நாளடைவில் டொக்டரும் மிஸ்மாரும் நோயாளியைப் பார்ப்பதையே விட்டுவிட்டு ராத்தாவைப் பார்த்துப் பேசப் பழகிவிட்டார்கள்.

டொக்டர் நிறைய நேரம் பேசுவார். ராத்தா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார், நடுவில் ஒன்றிரண்டு கேள்வியும் போடுவார். பிறகு நோயாளியின் பக்கம் திரும்பி, ஒண்ணுமில்ல, சின்ன வேலைதானாம், பின்னேரம் வீட்டுக்குப் போயிறலாம் என்பார். அவ்வளவுதான். மிச்சம் எங்கே போனது என்று ஒருவரும் கேட்பதில்லை.

அவர் விட்டுவிடுவது எப்போதும் ஒரே பாதியைத்தான். இரத்தம் கசிந்தால் என்ன, காய்ச்சல் வந்தால் என்ன, சரிவராமல் போனால் என்ன என்கிற பயமுறுத்துகிற பாதி. அதற்குப் பதிலாகத் தன் கையால் கொஞ்சம் சேர்த்துக்கொள்வார். கத்தரிக்காய் சாப்பிடக் கூடாது, அன்னாசி கூடவே கூடாது, இறால் அடுப்படிக்கே வரக் கூடாது, தலையில் தண்ணீர் வார்க்கக் கூடாது. எல்லாவற்றையும் டொக்டர் சொன்னதாகத்தான் சொல்லுவார். டொக்டருடைய வார்த்தை எது, ராத்தாவுடைய பத்தியம் எது என்று பிரித்தெடுக்க யாராலும் முடியாது. அதனால் எங்கள் ஒழுங்கையில் ஒப்பரேஷன் செய்துகொண்ட யாரும் ஒரு மாதத்துக்குக் கத்தரிக்காயைத் தொட மாட்டார்கள். தையல் எப்போது வெட்ட வேண்டும் என்று கேட்டால் முழிப்பார்கள்.

அதில் நன்மையும் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஒழுங்கை முடிவில் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்த ஒரு பாட்டி, மகனோடு இருந்தார். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து, சுவரைத் தடவித் தடவித்தான் நடப்பார். முதல் தடவை ஒப்பரேஷனுக்குப் போனபோது பக்கத்தில் இருந்த யாரோ, முழிப்பாக இருக்கும்போதே கண்ணை அறுப்பார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். பாட்டி எழும்பி, ஆஸ்பத்திரிக் கவுணோடேயே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டாம் தடவை ராத்தா கூடப் போனார். கண்ணுக்கு மருந்து விட்டுத் துடைத்துவிடப் போகிறார்கள், வேறொன்றும் இல்லை என்று சொல்லிக் கடைசிக் கதவு வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டு போனார். மறுநாள் கட்டை அவிழ்த்ததும் பாட்டி ராத்தாவைத்தான் முதலில் பார்த்தார். "நீ இம்புட்டுக் கெழவியா? கொரலு கொமரி மாதிரில்ல இருக்கு" என்றாராம். ராத்தா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மனுஷி கடைசி வரைக்கும் சுவரைத் தடவிக்கொண்டுதான் இருந்திருக்கும். அந்தக் கதையைக் கேட்டு நானும் ஒழுங்கையோடு சேர்ந்து சிரித்தேன்.

சந்தையில் மூட்டை தூக்குகிற மனுஷனுடைய விஷயத்தில் சிரிப்பு வரவில்லை. அவருக்குக் குடலிறக்கம். காலையில் வெட்டித் தைத்து அன்றைக்கே விட்டார்கள். கொஞ்ச நாளைக்குப் பார்த்து நடந்துக்குங்க என்று ராத்தா சொன்னார். வலி நின்றதும் அவருக்குக் கொஞ்ச நாள் முடிந்துவிட்டது. உருளைக்கிழங்கு மூட்டையைத் தோளில் ஏற்றியிருக்கிறார். தையல் விட்டு, புண் பழுத்து, இரண்டாம் தடவை வெட்டி, அந்த முறை வாட்டில் நெடுநாள் கிடந்தார். ராத்தாதான் நாள் தவறாமல் சாப்பாடு கொண்டு போனார். அந்த மனுஷனும் பெண்சாதியும் அவரை ஒரு சொல் சொல்லவில்லை, எங்கள் தலையெழுத்து என்று விட்டுவிட்டார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. பாரம் தூக்கக் கூடாதென்று டொக்டர் சொல்லவில்லையா என்று மதிலுக்கு மேலால் கேட்டேன்.

"சொன்னாரு டீச்சர். மாசக்கணக்குல தூக்கக் கூடாதுன்னாரு" என்றார் ராத்தா. "மாசக்கணக்குல வேலைக்குப் போகாம அந்த மனுசன் எப்படிச் சாப்பிடுறது? அதக் கேட்டிருந்தா வெட்டவே வேணாம்னு எழும்பிப் போயிருப்பாரு. அப்ப குடல் நெரிஞ்சு செத்திருப்பாரு."

ஆனாலும் அன்றிலிருந்து ராத்தா சிரித்துக்கொண்டே யாருக்காவது ஒண்ணுமில்ல என்று சொல்லும்போது, எதை விட்டிருப்பார் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

பிறகு என்னுடைய முறை வந்தது. குளிக்கும்போது இடது மார்பில், கக்கத்துக்குக் கிட்ட, விரலில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அப்போது என் கணவருக்குப் பல்லேகமவில் வேலை. வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து திங்கள் விடியப் போவார். கிளினிக்கோ வார நாளில். லீவு எடுக்கட்டா என்று கேட்பார் என்று எதிர்பார்த்துத்தான் ஃபோன் எடுத்தேன். "ராத்தா இருக்கிறாதானே, அவவைக் கூட்டிக்கொண்டு நீ போவன்" என்றார். அவரைக் கோபித்து என்ன, எல்லோருக்கும் ராத்தா ஒரு வசதி.

டொக்டர் அமத்திப் பார்த்தார், ஸ்கேன் படத்தைப் பார்த்தார், பிறகு ராத்தாவைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். எனக்குப் பாஷை விளங்காததால் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் டொக்டர் குரலைத் தாழ்த்தினார். ராத்தாவின் தலையாட்டல் அந்த இடத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் ஆடியது. வெளியே வந்ததும், "ஒண்ணுமில்ல டீச்சர். கொழுப்புக் கட்டி. எடுத்து விட்டுருவாங்க" என்றார்.

"அவர் இவ்வளவு நேரம் கதைச்சவர். நீங்கள் ஒரு சொல்லிலை முடிக்கிறியள்" என்றேன்.

அவங்க பேச்சே அப்படித்தான், ஒரு வேலைக்கு நூறு கதை என்றார் ராத்தா. அந்தத் தலையாட்டல் நின்றதை நான் என் கண்ணால் கண்டிருந்தேன். இருந்தும் நம்பினேன். நம்புவது சுகமாக இருந்தது, அதுதான் உண்மை.

ஒப்பரேஷன் நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெறும் வயிற்றோடு போனேன். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். காப்பையும் சங்கிலியையும் கழற்றி ராத்தாவின் கையில் கொடுத்தேன். தியேட்டருக்குள் எல்லோரும் எனக்கு மேலால் பேசிக்கொண்டார்கள். ஓர் இளம் டொக்டர் மட்டும் குனிந்து, "பயமா அம்மா?" என்று தமிழில் கேட்டார். அன்றைக்கு என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான். பதில் சொல்ல முன்னம் மயக்கம் வந்துவிட்டது.

கண் முழித்தபோது குமட்டியது. ராத்தா பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒரு மிஸ் வந்து நிறையச் சொன்னார், ராத்தா இந்தப் பக்கம் நின்று நிறையக் கேட்டுக்கொண்டார். நடுவில் நான் கிடந்தேன். பேச்சு என்னைப் பற்றித்தான் என்பது மட்டும் தெரிந்தது. திரும்பி வரும்போது ஒவ்வொரு பள்ளத்துக்கும் ராத்தா த்ரீவீல்காரரை ஏசினார். வீட்டுக்கு வந்து மரக்கறிச் சூப் வைத்துக் கொடுத்து, என் தலைமாட்டில் விடிய விடிய இருந்தார். மிஸ் வேறு ஏதும் சொன்னவவோ என்று கேட்டேன். கத்தரிக்காய் வேண்டாமாம் என்றார்.

அந்த வருஷம்தான் கொரோனாவுக்குப் பிறகு முத்துமாரியம்மன் தேர் பழையபடி சனத்தோடு ஓடியது. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா, தங்கச்சி, தங்கச்சியின் பிள்ளைகள் எல்லோரும் வந்திருந்தார்கள். விறாந்தை முழுக்கப் பாய். எனக்குத் தையல் வெட்டிக் காயம் ஆறிக்கொண்டிருந்தது, தினவு மட்டும்தான். பட்டுச் சேலை உடுத்திக்கொண்டு ரோட்டோரத்தில் நின்று தேர் பார்த்தேன். ராத்தா தன் சொந்தக்காரர் கடை வாசலில் அம்மாவுக்குக் கதிரை போட்டுக் கொடுத்து, குடிக்கச் சோடாவும் வாங்கிக் கொடுத்தார். அவர் தேரைப் பார்த்ததைவிட என்னைப் பார்த்ததுதான் அதிகம். சனம் என் காயத்தில் இடித்துவிடுமோ என்று பார்க்கிறார் என்று நினைத்தேன்.

எல்லோரும் ஊருக்குப் போன பிறகு, வெட்டாமல் விட்ட நூல் துண்டு ஒன்று காயத்தில் குத்திக்கொண்டிருந்தது. ராத்தா அன்றைக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தார். இதற்குத் துணை என்னத்துக்கு என்று நான் தனியே ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து கட்டுகிற அறையில் புதிதாக வந்திருந்த மிஸ் மட்டக்களப்புப் பக்கம். பல நாளைக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் தமிழ் கேட்டதே பெரிய ஆறுதலாக இருந்தது. அவர் நூலை எடுத்துவிட்டு, என்னுடைய கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்து, ரிப்போட்டுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார்.

என்ன ரிப்போட் என்று கேட்டேன். வெட்டி எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறது, சந்தேகம் என்று டொக்டர் முதலே சொல்லியிருப்பாரே என்றார். தேருக்கு முந்திய கிளினிக்குக்கு, வீட்டு ஆளையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி என் அம்மாவிடம் சொல்லி அனுப்பியதாகக் கொப்பியில் குறித்திருப்பதாகவும் சொன்னார். என் அம்மா யாழ்ப்பாணத்தில் இருக்கிறார் என்றேன். அந்த மிஸ் பிள்ளை குழம்பிப்போய் என்னைப் பார்த்தது. முடிவு என்ன என்று கேட்டதற்கு, அதை டொக்டர்தான் சொல்ல வேண்டும், அடுத்த கிளினிக்குக்குக் கட்டாயம் வாருங்கள் என்று கையைப் பிடித்துச் சொன்னது. கையைப் பிடித்ததிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

பஸ் ஏறாமல் நடந்தே வந்தேன். வெயில். வாழ்க்கையில் அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. வியாதியின் மேல் வரவில்லை, அதற்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை. வந்ததெல்லாம் ராத்தாவின் மேல்தான்.

பின்னேரம் அவர் வந்ததும் மதிலைச் சுற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பேரப்பிள்ளைகளின் பள்ளி உடுப்பை இஸ்திரிக்கை போட்டுக்கொண்டிருந்தார். மிஸ் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. இஸ்திரிக்கையை நிமிர்த்தி வைத்தார்.

"சந்தேகம்னுதான் டீச்சர், டொக்டர் சொன்னாரு. முடிவு எனக்கும் தெரியாது. அல்லாஹ் மேல ஆணை" என்றார். "ரிப்போட்டுக்கு வரச் சொன்னது தேருக்கு முன்னுக்கு. உங்கம்மா அத்தன தூரத்துல இருந்து வந்திருந்தாங்க. வீடு நிறைய புள்ளைங்க. தேர் முடியட்டும்னு இருந்தேன்."

"ஆருடைய உடம்பு ராத்தா?" என்றேன்.

என் அம்மா சந்தோஷமாகத் தேர் பார்க்க வேண்டும் என்று ஒரு முஸ்லிம் மனுஷி என் வியாதியை மடியில் கட்டி வைத்திருந்திருக்கிறார். அதற்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. அடுத்த கிளினிக்குக்கு நான் தனியாகத்தான் போவேன், டொக்டர் சொல்லுவதை என் காதால் கேட்க வேண்டும் என்றேன். பாஷைக்கு என்ன செய்வீர்கள் என்றார். நீங்களே சொல்லித் தாருங்கள் என்றேன்.

ராத்தா உடுப்பை ஒதுக்கிக் கட்டிலில் எனக்கு இடம் போட்டார். வகுப்பில் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லித் தந்தார். மட்ட கியன்ன, எனக்குச் சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள். இன்னொரு தடவை சொல்லுங்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும். இது பரவியிருக்கிறதா. என் நாக்கு திரும்பத் திரும்பப் பிழைத்தது, அவர் திரும்பத் திரும்பத் திருத்தினார். புற்றுநோய்க்குச் சிங்களத்தில் என்ன சொல் என்று கேட்டபோது மட்டும் வாயை மூடிக்கொண்டார். அதை நீங்கள் கேட்க வேண்டாம், டொக்டரே சொல்லுவார் என்றார். அந்தச் சொல்லை ஃபோனில் தேடி எடுத்தேன்.

"உள்ளுக்கு நானும் வாறேனே" என்றார் நான் புறப்படும்போது. வேண்டாம் என்றேன். வெளி வாங்கில் இருப்பதையாவது தடுக்காதீர்கள் என்றார். அதைத் தடுக்கவில்லை.

கிளினிக் அன்று என் கணவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் அவரும் யாராவது தெரிந்த ஆளைக் கூட அனுப்பப் பார்ப்பார். உள்ளே போனதும் டொக்டர் எனக்குப் பின்னால் கதவைப் பார்த்து, அம்மா எங்கே என்று கேட்டார். அவர் வெளியில், எனக்குச் சொல்லுங்கள் என்று நான் மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். பாதிச் சொல்லை விழுங்கிவிட்டேன். ஆனால் அவருக்கு விளங்கிவிட்டது. பேனையை மூடி வைத்துவிட்டு, அத்தனை நாளில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

சிங்களத்தையும் லேசான இங்கிலீசையும் கலந்து மெதுவாகச் சொன்னார். கடதாசியில் வட்டம் போட்டு, கக்கத்துக்குக் கீழே சின்னச் சின்னப் புள்ளி வைத்துக் காட்டினார். நான் தேடி எடுத்து வந்த அந்தச் சொல்லைச் சொல்லி, அதுவா என்று கேட்டேன். அதுதான் என்றார். சின்னதாக இருக்கும்போதே பிடித்தாயிற்று, அந்தப் புள்ளிகளுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க இன்னொரு ஒப்பரேஷன் செய்ய வேண்டும், இந்த முறை அன்றைக்கே வீட்டுக்குப் போக முடியாது, பிறகு கண்டிக்குப் போய் மருந்து எடுக்க வேண்டும். முதலே வந்திருக்க வேண்டும், இந்தக் கொஞ்ச நாளால் கெட்டுவிடாது, இனி நாள் தவறக் கூடாது. முக்கால்வாசி விளங்கியது. விளங்காததை இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன், சொன்னார். கோபிக்கவில்லை. இந்த மனுஷனிடம் கேட்பதற்கா ஒழுங்கை முழுக்க இத்தனை வருஷம் பயந்து செத்தோம் என்று அந்த நேரத்திலும் தோன்றியது.

வெளியே வந்தேன். வாங்கு நிறையச் சனம். அந்த நெரிசலிலும் பக்கத்தில் எனக்குப் பையை வைத்து இடம் பிடித்திருந்த ராத்தா எழும்பி நின்றார். அவர் எழும்பியதும் அந்த இடமும் போய்விட்டது. நின்றபடியே சொன்னேன். எதையும் விடவில்லை, அந்தச் சொல்லைத் தமிழில் பச்சையாகவே சொன்னேன். அவருக்கு வலிக்க வேண்டும் என்றுகூட நினைத்திருப்பேன்.

ராத்தா அழவில்லை. சுவரோரமாக என்னைத் தள்ளிக்கொண்டு போய், "தனியாவா தங்கச்சி கேட்டீங்க?" என்றார். டீச்சர் என்று சொல்லாமல் தங்கச்சி என்று அவர் என்னைக் கூப்பிட்டது அப்போதுதான்.

அதுக்குத்தானே படிச்சனான் என்றேன்.

"நம்ம லேன்ல எல்லாருக்கும் நான்தான் கேட்டேன்" என்றார். "சின்னதோ பெரிசோ, முதல்ல என் காதுலதான் விழும். அந்த ரூமுக்குள்ள எனக்குப் பக்கத்துல ஒருத்தரும் நிக்கல. கேட்டுட்டு, உங்க எல்லாரையும் பார்த்துச் சிரிக்கணும். தனியாக் கேக்குறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதான் உள்ளுக்கு வாறேன்னு சொன்னேன்."

என் கோபம் அதோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இன்றைக்கும் நினைத்தால் வரும். எனக்குச் சொல்ல வேண்டியதை எனக்குச் சொல்லாமல் வைக்க அவருக்கு உரிமை இல்லை, அந்த மூட்டை தூக்குகிற மனுஷனுக்குச் சொல்லாமல் விடவும் இல்லை. ஆனால் அந்தச் சுவரோரத்தில் அவரை விட்டு விலகிப் போக எனக்கு மனம் வரவில்லை. உள்ளே கேட்டதெல்லாம் அப்போதுதான் உடம்புக்குள் இறங்கியது. ராத்தா என் கையைப் பிடித்தார். விடவே இல்லை. அவருக்கும் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டியிருந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

இரண்டாவது ஒப்பரேஷனுக்கு நாள் குறிக்கப் போனபோது, கணவருக்கும் எல்லாவற்றையும் சொல்லி, இருவரும் வாருங்கள் என்று நானே கூப்பிட்டேன். கணவர் ஒரு பக்கம், ராத்தா ஒரு பக்கம், நடுவில் நான். டொக்டர் கொப்பியைத் திறந்தார், ராத்தாவைக் கண்டார், பழக்கத்தில் அவரைப் பார்த்தே பேசத் தொடங்கினார். ராத்தா தலையாட்டவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கையை நீட்டி என்னைக் காட்டினார்.